தேவிகாராணிக்கு ஒளி கொடுத்த ஜெர்மானியர்

கல்யாணில் ரெயில் ஏறி, தாதரில் இறங்கி, மேற்கு ரெயில்வேக்கு மாறினால் மலாட் போய்ச் சேரலாம். புகழ்பெற்ற "பாம்பே டாக்கீஸ்" ஸ்டூடியோ இருந்த இடம் அது.

அங்கு நடித்த தேவிகாராணி, அசோக்குமார், மதுபாலா ஆகியோரின் முகங்களை நாடே அறியும். அந்த முகங்களுக்கு விளக்கு அமைத்துப் படம் பிடித்தவரை அறிந்தவர்கள் சிலரே. அவர் பெயர் ஜோசப் விர்ஷிங்.

பரிசாக வந்த காமிரா

விர்ஷிங் 1903-ம் ஆண்டு ஜெர்மனியில் மூனிச் நகரில் பிறந்தார். நாடகங்களுக்கு உடைகளும், காட்சி ஜோடனைகளும் தயாரிப்பது குடும்பத் தொழில். மகனும் அதையே செய்ய வேண்டியது. ஆனால் பரிசாக வந்த ஒரு காமிரா, பையனின் பாதையை மாற்றிவிட்டது. "எமெல்கா" என்ற பட நிறுவனத்தில் சேர்ந்தார்.

புத்தர் வரலாற்றைப் படமாக்க, ஹிமான்சு ராய் அந்த நிறுவனத்துடன் கூட்டு சேர்ந்தார். 1925-ல் இந்தியா வந்த காமிரா குழுவில் விர்ஷிங்கும் இருந்தார்.

1934-ல் ராயும், அவர் மனைவி தேவிகாராணியும் மலாடில் பாம்பே டாக்கீஸை நிறுவினார்கள். அதன் ஒளிப்பதிவாளர் ஆனார், விர்ஷிங். "அச்சுத் கன்யா" (1936) போன்ற படங்கள் அவர் காமிராவில் உருவானவை.

பாதி வெளிச்சம், பாதி நிழல்

அந்நாளில் போட்டோ என்றால், வர்ணத் திரைக்கு முன்னால் அசையாமல் உட்கார வேண்டும். முகம் முழுவதும் ஒரே வெளிச்சம் விழும்.

விர்ஷிங் விளக்கைப் பக்கவாட்டில் வைத்தார். முகத்தின் ஒரு பாதி பளிச்சிட, மறுபாதி நிழலில் ஆழ்ந்தது. பட்டின் மடிப்பும், நகையின் வேலைப்பாடும் துல்லியமாகத் தெரிந்தன. உடை தயாரித்த குடும்பத்துப் பிள்ளை அல்லவா!

கையடக்கமான "லைக்கா" காமிராவும் அவரிடம் இருந்தது. சினிமா பிலிமையே போட்டு எடுக்கும் அந்த ஜெர்மன் காமிரா, 1925-ல்தான் விற்பனைக்கு வந்தது. படப்பிடிப்பின் இடைவேளைகளையும் அதில் பிடித்தார்.

மேல்நாட்டிலும் அப்போது மாற்றம் நடந்தது. 1933-ல் முன்காசி என்ற ஹங்கேரிக்காரர், ஒரு மாடல் அழகியைக் கடற்கரையில் ஓடவிட்டுப் படம் எடுத்தார். பேஷன் படம் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தது.

நம் நாட்டில் மாடல் அழகிகளின் வேலையைப் பெரும்பாலும் சினிமா நடிகைகளே செய்தார்கள். ஜாக்கெட்டின் கை எப்படி, கொண்டை எப்படி என்று பெண்கள் நடிகைகளின் படத்தைப் பார்த்துத் தெரிந்து கொண்டார்கள். "பெமினா" பத்திரிகை பம்பாயில் தொடங்கியது 1959-ல்தான்.

முள்வேலிக்குள்

1939 செப்டம்பரில் உலகப்போர் மூண்டது. இந்தியாவில் இருந்த ஜெர்மானியர்கள் "எதிரி நாட்டவர்" ஆனார்கள். விர்ஷிங் முகாமில் அடைக்கப்பட்டார். செய்த குற்றம் எதுவும் இல்லை. பிறந்த நாடுதான் காரணம்.

1940-ல் ஹிமான்சு ராய் மறைந்தார். 1945-ல் தேவிகாராணி ஸ்டூடியோவை விட்டு விலகினார்.

போருக்குப் பின் விர்ஷிங் மீண்டும் பம்பாயில் காமிராவைத் தொட்டார். தன்னை அடைத்து வைத்த நாட்டின் மீது கசப்புக் கொண்டு ஊர் திரும்பிவிடவில்லை. 1949-ல் வெளிவந்த "மகால்" படத்தில், இருளில் இருந்து எழும் மதுபாலாவின் முகம் அவர் கைவண்ணமே.

கடைசிப் படம்

கமால் அம்ரோஹியின் "பாக்கீசா"வுக்கும் அவரே ஒளிப்பதிவு செய்தார். படம் பல ஆண்டுகள் இழுத்தது. 1967-ல், அது முடியுமுன்பே பம்பாயில் காலமானார். 1972-ல் படம் வெளிவந்து, பெரும் வெற்றி பெற்றது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அவர் எடுத்த போட்டோக்களையும் நெகட்டிவ்களையும் குடும்பத்தார் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 2017-ல் அவை கோவாவில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அவர் இறந்து 50 ஆண்டு கழித்து, படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயரையும் மக்கள் படித்தார்கள்.