கப்பலில் மகன்! கரையில் தாய்!

கம்பியில்லாத் தந்தியை உலகுக்குப் பழக்கிய மார்க்கோனி இத்தாலிக்காரர். 1874-ல் பிறந்தவர்.

1898-ல் இங்கிலாந்துப் பட்டத்து இளவரசர் எட்வர்டுக்கு முழங்காலில் பலத்த அடி. வைட் தீவை ஒட்டி நின்ற அரச உல்லாசக் கப்பலில் படுத்துவிட்டார். தாய் விக்டோரியா ராணி தீவு மாளிகையில். மகனுக்கு வயது 56. இருந்தால் என்ன? தாய்க்கு அவர் குழந்தைதானே! அடிக்கடி சேதி தெரிய வேண்டும் அவருக்கு.

மார்க்கோனியை அழைத்தார்கள். வயது 24. கப்பலின் மரத்தில் கம்பியை ஏற்றிக் கட்டினார். கீழே கருவியை வைத்தார். மாளிகைத் தோட்டத்துக் குடிலில் இன்னொரு கம்பம், இன்னொரு கருவி. நடுவே மேடு, கப்பல் கண்ணுக்குத் தெரியாது. சேதி மட்டும் தடையின்றிப் போயிற்று! 16 நாளில் சுமார் 150 சேதிகள்.

பிறகு 1919-ல் தாமே ஒரு கப்பல் வாங்கினார். பெயர் எலெட்ரா. அதுவே அவருக்கு வீடு, சோதனைக்கூடம் எல்லாம். 1930-ல் ஜெனோவா துறைமுகத்தில் அதில் இருந்தபடி விசையைத் தட்டினார். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகர மண்டப விளக்குகள் எரிந்தன!

1937-ல் ரோமில் காலமானார். பிரிட்டிஷ் வானொலி 2 நிமிடம் மௌனமாக இருந்தது.