அளந்தவன் பெயரை அழித்தார்கள்!

நில அளவையாளருக்குப் பயிற்சி முகாம் என்றால் இன்று கருவிகள் அணிவகுத்து நிற்கும். சங்கிலி பிடித்து வயல்வரப்பில் நடந்த காலம் மலையேறிவிட்டது. வானில் சுற்றும் துணைக்கோள் அனுப்பும் குறியைக் கைக்கருவியில் வாங்கி, காணியின் மூலைக்கல் எங்கே என்று சொல்கிறார்கள். ஆளில்லாத விமானம் தலைக்குமேல் பறந்து ஊரையே படம்பிடித்துத் தருகிறது. கருவி மாறிற்று, கணக்கு மாறவில்லை! முக்கோணம் அதே முக்கோணந்தான். அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள அன்றும் இன்றும் புத்தகம் வேண்டும்.

1851-ஆம் ஆண்டு கல்கத்தாவில் அப்படியொரு புத்தகம் வெளிவந்தது. இந்திய நில அளவைக்கான கையேடு. தொகுத்தவர்கள் என்று ஸ்மித், துயில்லியர் எனும் இரண்டு வெள்ளைக் கேப்டன்களின் பெயர் முகப்பிலே பொறிக்கப்பட்டிருந்தது. ஆனால் உள்ளே, கடினமான கணிதம் நிறைந்த பகுதிகளை எழுதித் தந்தவர் ஒரு வங்காளி. முகப்பில் அவருக்கு இடமில்லை. முன்னுரையில் மட்டும் நன்றி இருந்தது. அவர்தான் ராதாநாத் சிக்தார்.

எவரெஸ்டுச் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டவர் என்று பள்ளிப்பிள்ளைகூட அறிந்த பெயர். சிகரத்தை அறிந்தவர் பலர். புத்தகத்தை அறிந்தவர் சிலர். அவர் கட்டிய இருநூறு ரூபாய் அபராதத்தை அறிந்தவர் மிகமிகச் சிலர். எனக்கு அந்த அபராதத்தின்மீதுதான் கண்!

1813 அக்டோபரில், கல்கத்தா ஜோராசாங்கோவில் பிறந்தார். பார்ப்பனக் குடும்பம். ஆம், தோழர்களே, பார்ப்பனக் குடும்பந்தான்! ஆனால் படிக்கப்போன இந்துக் கல்லூரியில் டிரோசியோ என்ற இளைஞர் ஆசிரியராக இருந்தார். எதையும் ஏன் என்று கேள், எப்படி என்று கேள், சாத்திரம் சொன்னால் மட்டும் போதாது என்று மாணவர்களைக் கிளப்பிவிட்டவர். பொறுப்பார்களா வைதிகர்கள்? 1831-இல் கல்லூரியைவிட்டே வெளியேற்றினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், இருபத்திரண்டு வயதில், அவர் மறைந்தார். மூட்டிய தீ மறையவில்லை. அந்தக் கூட்டத்திலே ஒருவர் ராதாநாத். மாட்டிறைச்சி தின்றார், ஒளித்துத் தின்னவில்லை, அதுதான் வலிமை தரும் என்று வாதாடித் தின்றார். சிறுமி ஒருத்தியைக் கட்டிவைக்க வீட்டார் முயன்றபோது, குழந்தையை மனைவியாக்க மாட்டேன் என்று மறுத்து, கடைசிவரை மணம் முடிக்காமலே வாழ்ந்தார். நூறாண்டு கழித்து நாம் மேடைபோட்டுப் பேசியதை, அவர் மேடையில்லாமல் வாழ்ந்து காட்டினார்.

அதே கல்லூரியில் டைட்லர் என்பவரிடம் நியூட்டனின் கணிதத்தைக் கற்றார். இந்த நாட்டவரில் அதை முதன்முதல் கற்ற ஓரிருவரில் அவரும் ஒருவர்.

இங்கே கொஞ்சம் நம் ஊருக்கு வரவேண்டும். நாட்டையே அளந்த அந்தப் பெரும்பணிக்கு முதற்கோடு போடப்பட்டது கல்கத்தாவில் அல்ல, சென்னைப் பரங்கிமலை அடிவாரத்தில். 1802 ஏப்ரலில் லாம்டன் என்ற கும்பினி அதிகாரி சங்கிலி கொண்டு ஏறத்தாழ ஏழரை மைல் நேர்கோடு அளந்தார். அந்தக் கோட்டின் இரு முனையிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றைப் பார்ப்பது. பார்வை திரும்பும் கோணத்தைக் குறிப்பது. மற்ற இரண்டு பக்கங்களையும் நடந்து அளக்காமல் கணக்கால் அறிவது. அந்தப் பக்கத்தின்மேல் இன்னொரு முக்கோணம், அதன்மேல் இன்னொன்று என்று இமயம்வரை அடுக்குவது. குன்றில்லாத சமவெளியில் கோயில் கோபுரத்தில் ஏறினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரைடன் எடையுள்ள கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றுகையில் கயிறு அறுந்தது; கருவி சுவரில் மோதி நொறுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தட்டித் தட்டி நிமிர்த்தினாராம்!

கருவியைச் சீமையிலிருந்து கொண்டுவரலாம். கணக்குப் போடும் ஆளையுமா கப்பலேற்றிக் கொண்டுவருவது? கட்டுப்படியாகுமா? 1794-லேயே சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கி, அநாதைச் சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்சி தந்தார்கள். இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு அதுதான் வேர். கருணையா காரணம்? சிக்கனம்! உள்ளூர்ப் பையனுக்குக் குறைந்த கூலி போதும் என்ற கும்பினிக் கணக்கு.

அதே கணக்குத்தான் ராதாநாத்துக்கும். லாம்டனுக்குப்பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்டு, கணிதம் வல்ல வங்காளி இளைஞர்களைத் தேடினார். 1831 டிசம்பர், டிரோசியோ கண்மூடிய அதே திங்கள், பதினெட்டு வயது ராதாநாத் வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் முப்பது ரூபாய். பதவியின் பெயர் கம்ப்யூட்டர். அன்று கம்ப்யூட்டர் என்றால் இயந்திரமல்ல, மனிதன்!

எவரெஸ்டின் பக்கத்திலிருந்தே தொழில் பயின்றார். வெயிலில் இரும்பு நீளும், அதைக் கழிக்கவேண்டும். பூமி தட்டையல்ல, அதன் வளைவைக் கணக்கில் சேர்க்கவேண்டும். தொலைவிலிருந்து வரும் ஒளி காற்றிலே வளைந்து வரும், அதையும் திருத்தவேண்டும். கேப்டனுக்கும் கடினமான இந்த வித்தையில் முப்பது ரூபாய் இளைஞர் முந்திக்கொண்டார். வேறு துறையில் டெபுடி கலெக்டராகப் போக விரும்பியபோது எவரெஸ்டு விடவில்லை. இப்படியொரு மகனைப் பெற்றதற்காகத் தந்தை தீத்தூராமைப் பாராட்டிக் கடிதமே எழுதினார். மகனைப் புகழ்ந்து தந்தையின் உச்சி குளிரவைத்து, ஆளைத் துறையிலேயே கட்டிப்போட்ட சாமர்த்தியம் என்றும் சொல்லலாம்!

இனி அந்த அபராதக் கதை. 1843-ஆம் ஆண்டு. இடம் டேராடூன். மாஜிஸ்திரேட் வான்சிட்டார்ட் துரைக்கு மூட்டை முடிச்சுகள் போகவேண்டும். அளவைத் துறைக் கூலிகளைப் பிடித்து, தூக்கு என்றார்கள். கூலி கிடையாது. நம் நாட்டில் இதற்கு ‘வெட்டி’ என்று பெயர். நம்மவர் முதுகுக்கு நன்கு தெரிந்த சொல். கண்டும் காணாமல் போயிருக்கலாம் ராதாநாத். மூட்டை தூக்கியது அவரல்லவே! அவர் கோணமும் கணக்கும் பார்க்கும் படித்தவர். அவர்கள் மலைப்பாதையில் சுமக்கும் மக்கள். சாதி வேறு, சம்பளம் வேறு. ஆனாலும் துரையின் மூட்டைகளை நிறுத்திவைத்தார்! என் துறை ஆளை, ஊதியமில்லாமல், எந்தச் சட்டத்தின்படி வேலை வாங்கினீர் என்று துரையின் முகத்துக்கு நேரே வாதாடினார்.

துரைக்கு முகம் சிவந்தது. வழக்குப் போட்டார்கள். வழக்குப் போட்டவர் ஆட்சி, தீர்ப்புச் சொன்னவர் ஆட்சி, முடிவு எப்படியிருக்கும்? இருநூறு ரூபாய் அபராதம். வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய சம்பளத்தில் ஆறு மாதத்துக்கும் மேல்! கட்டினார். ஆனால் செய்தி டேராடூன் மலைக்குள் புதையவில்லை. ராம்கோபால் கோஷ் நடத்திய ‘பெங்கால் ஸ்பெக்டேட்டர்’ ஏடு அதை விரிவாக வெளியிட்டு நாடறியச் செய்தது. தொழிற்சங்கம் என்ற சொல்லே இங்கு வராத காலம், தோழர்களே!

சிகரக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது ஊரறிந்தது. பீகார்ச் சமவெளியிலிருந்து, நூறு மைலுக்கு அப்பால் நின்று, பதினைந்தாம் எண் சிகரத்தைக் கோணமானியால் பார்த்தார்கள். ஆறு இடங்களிலிருந்து பார்த்த கணக்கின் சராசரி 29,002 அடி. 1852-இல் இதுவே உலகில் உயர்ந்தது என்று ராதாநாத் கண்டு, தலைவர் வாவின் அறைக்குள் ஓடிச்சென்று சொன்னதாகக் கதை சொல்வார்கள். ஓடினாரோ நடந்தாரோ! வெயிலிலும் காய்ச்சலிலும் நின்று பார்த்தவர் பலர், கணக்குப் போட்டவர் பலர். ஒரே மனிதர் கண்டார் என்று நாமும் மிகைப்படுத்த வேண்டாம். கணக்கர்களின் தலைமகன் அவர், அது போதும். 2020-இல் நேபாளமும் சீனாவும் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர்; பழைய கணக்குக்கும் இதற்கும் வேறுபாடு முப்பது அடிதான்! உள்ளூர்ப் பெயரையே வைக்கவேண்டும் என்பது துறையின் வழக்கம். அதை மீறி 1856-இல் எவரெஸ்டின் பெயரைச் சூட்டினார் வா. திபெத்தியர் வழங்கிய சோமோலுங்மா என்ற பெயர் என்ன பாவம் செய்ததோ!

இதற்கிடையே 1854-இல், நண்பர் பியாரிசந்த் மித்ராவுடன் ‘மாசிக் பத்ரிகா’ என்ற திங்களிதழ் தொடங்கினார். பண்டிதர்கள் வங்காளத்தில் வடமொழியைக் கொட்டி நிரப்பிய காலம். இவர்களோ பெண்கள் படித்தால் புரியும் எளிய பேச்சுநடையில் எழுதினார்கள். மொழி யாருக்கு என்ற கேள்வி கங்கைக்கரையிலும் எழுந்திருக்கிறது!

1862-இல் ஓய்வு பெற்றார். பிறகு கல்லூரியில் கணிதம் சொல்லித் தந்தார். 1870 மே 17-இல் சந்திரநாகூரில் மறைந்தார்.

இறந்தவனால் வாய் திறக்க முடியாதல்லவா? 1875-இல் அந்தக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு வந்தது. அவர் எழுதிய கணிதம் இருந்தது. பயிற்சிக்கு வந்த புதிய அளவையாளர்கள் அதைப் படித்துத்தான் தொழில் கற்கவேண்டும். ஆனால் முன்னுரையில் இருந்த நன்றி காணோம். ராதாநாத் என்ற பெயரே காணோம்! உழைப்பு வேண்டும், உழைத்தவன் வேண்டாம். 1876-இல் வெள்ளையர் ஏடான ‘பிரெண்டு ஆப் இந்தியா’விலேயே, இது செத்தவனிடம் அடித்த கொள்ளை என்ற பொருள்படக் கண்டனம் வந்தது.

2004 ஜூனில் இந்திய அஞ்சல்துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. கூடவே இன்னொருவருக்கும்: டேராடூனில் பயிற்சி பெற்று, செபமாலை மணியை உருட்டி அடிகளை எண்ணியபடியே திபெத்தை நடந்து அளந்த பள்ளி ஆசிரியர் நயின்சிங்குக்கு.