திருவிதாங்கூர் வேந்தர் மார்த்தாண்ட வர்மர்

இங்கிலாந்து தேச சரித்திரத்தை அதன் தொடக்கத்தினின்று கற்போர், ரோமர் அந்நாட்டை விட்டு நீங்கிய பின்னர் ஆங்கிலரும் சாக்ஸனியரும் ஆங்குக் குடியேறி, நார்த்தம்பிரியா, மெர்சியா, வெஸ்ஸெக்ஸ் முதலிய சிற்றரசுகளை நிறுவி, ஓயாது ஒருவரோடொருவர் பொருது நின்ற வரலாற்றைப் படித்திருப்பர். எட்வின் என்னும் வேந்தன் கி. பி. 633-ல் போர்க்களத்தில் மடிந்தான். ஆஸ்வால்டு 642-ல் மடிந்தான். இவ்விருவரின் வீழ்ச்சியிலும் பங்கு கொண்ட மெர்சியா நாட்டுப் பெண்டா 655-ல் தானும் களத்திலேயே மாண்டான். அக்காலத்து அரசனுக்கு நிலையான படையில்லை. தன் கூடத்தில் உடனுண்டு உறங்கும் மெய்காவல் வீரரே அவன் படை. அவர்க்குப் பொன்னும் வாளும் வழங்குமட்டும் அவன் அரசன். வழங்கக் கொள்ளைப்பொருள் இல்லாது போயின், அவ்வீரர் வேறு கூடத்தை நாடிச் செல்வர். பிரபுவைக் குறிக்கும் லார்டு என்னும் ஆங்கிலச் சொல்லே, அப்பத்தைக் காப்பவன் என்னும் பழைய பொருளினின்று திரிந்ததென்பர் சொல்லாராய்ச்சி வல்லார்.

இதனைப் படிக்குந்தோறும் நம் கொட்டாரத்தின் பெயர் நினைவிற்கு வராமற் போகாது. சுசீந்திரத்திற்கும் கன்னியாகுமரிக்கும் இடையே வழிப்போக்கர் யாவரும் கடந்து செல்லும் அவ்வூரின் பெயருக்குத் தமிழில் நெற்களஞ்சியம் என்றும் பொருளுண்டு. மலையாள வழக்கில் அரசர் மாளிகை என்றும் பொருளுண்டு. நெல் குவியும் இடமே அரசன் தங்கும் இடம் என்பதை ஒரு சொல்லே காட்டி நிற்கிறது. நாஞ்சில் நாட்டின் நெல்லை யார் அளந்து கொள்வது என்பதே இந்நாட்டுப் பழம் போர்களிற் பலவற்றிற்கு வேராயிருந்தது. மதுரை நாயக்கரின் படைகள் பன்முறை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே இறங்கினமையும் இதுபற்றியே. அச்சச்சரவுகளுக்கு முடிவு கட்டிய வேந்தராகிய மார்த்தாண்ட வர்மரின் சரிதையை ஈண்டுச் சுருங்க வரைவோம்.

அவர் பிறந்தது 1706-ஆம் ஆண்டு, அனுஷ நட்சத்திரத்தில். ஆதலின் அனிழம் திருநாள் எனப்பட்டார். வேணாடு அப்பொழுது தெற்கே குமரிமுனை தொடங்கி வடக்கே ஆற்றிங்கல் வரை நீண்ட சிறு நாடு. அந்நாட்டிலும் அரசர்க்கு முழு அதிகாரமில்லை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிருவாகம் எட்டரை யோகம் என்னும் சபையின் கையில் இருந்தது. கோயில் நிலங்களினின்று வரி பிரிக்கும் உரிமையோ எட்டுவீட்டுப் பிள்ளைமார் எனப்பட்ட நாயர் தலைவர்களிடம் இருந்தது. ஒவ்வொருவர்க்கும் சொந்தப் படையும் சொந்த நாடும் இருந்தன. 1721-ல் ஆற்றிங்கலுக்குச் சென்ற அஞ்சுதெங்குக் கோட்டை ஆங்கிலர் ஏறக்குறைய நூற்று நாற்பதின்மர் வெட்டுண்டு மாண்டமை, அந்நாட்டில் எவருடைய ஆணை செல்லுபடியாயிற்று என்பதைத் தெளிவாகக் காட்டும்.

இளவரசராயிருந்த காலத்தே மார்த்தாண்ட வர்மரைக் கொல்லப் பிள்ளைமார் பலகாலும் முயன்றனர். நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரத்தின் பொந்தில் அவர் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழிவழி வந்த செய்தி. அம்மச்சிப் பிலாவு என்னும் பெயரோடு அம்மரம் கோயில் வளாகத்திற் போற்றப்பட்டது. இக்காலத்து நிகழ்ச்சிகளைக் கதையாகப் புனைந்து சி. வி. இராமன் பிள்ளை 1891-ல் வெளியிட்ட மலையாள நாவலைப் படித்தோர், அதிலுள்ளனவெல்லாம் சரித்திரமே என்று கருதி மயங்குதல் கூடாது. ஆயினும், வேட்டையாடப்பட்ட அவ்விளமைப் பருவமே பின்னாளில் அவர் காட்டிய கடுமைக்குக் காரணம் என்பதில் ஐயமில்லை.

1723-ல், நெய்யாற்றின்கரை இளவரசராயிருந்தபொழுதே, ஆங்கிலக் கம்பெனியாரோடு உடன்படிக்கை செய்து கொண்டார். 1729-ல் மாமன் இராம வர்மர் காலஞ்சென்றமையின், மருமக்கட்டாய முறைப்படி அரியணை ஏறினார். இறந்த அரசரின் புதல்வர்களாகிய பப்புத் தம்பியும் இராமன் தம்பியும் தந்தையின் நாடு தமக்கே உரியது என்று எழுந்தனர். பிள்ளைமார் அவர்களை முன்னிறுத்தினர். தம்பிமார் திருச்சிராப்பள்ளி சென்று நாயக்கர் படையையும் அழைத்து வந்தனர். வந்த தலைவனோ, நாட்டு வழக்கை விசாரித்து, மருமகனுக்கே உரிமை எனத் தீர்த்துத் திரும்பினான். பகை அத்துடன் அடங்கவில்லை. முடிவில் தம்பிமார் இருவரும் நாகர்கோவில் மாளிகையில் அரசர் முன்னிலையிலேயே கொல்லப்பட்டனர். பிள்ளைமார் பிடிக்கப்பட்டுக் கழுவேற்றப்பட்டனர். யோகத்தைச் சேர்ந்த பிராமணர் நாடு கடத்தப்பட்டனர். பிள்ளைமாரின் வீடுகள் இடிக்கப்பட்டன. அவர்தம் பெண்டிரும் பிள்ளைகளும் கடற்கரை மீனவர்க்கு விற்கப்பட்டனர் என்று சரித்திரக்காரர் எழுதியுள்ளனர்.

இக்கொடுமையை மறைத்தற்கில்லை, மறைத்தல் சரித்திரமும் ஆகாது. நம் நாட்டு வில்லுப்பாட்டிற் பாடப்படும் தம்பிமார் கதை, இறந்தவர் பக்கமே நின்று அழுகிறது. தம்பிமாரின் தங்கையைக் குறித்த மணப்பேச்சே பகைக்கு வேர் என்கிறது அக்கதை. அரண்மனை ஏடுகள் ஒன்று கூற, உழவர் கோயில் முற்றத்தில் கேட்ட பாட்டு வேறொன்று கூறிற்று. இரண்டையும் ஒருங்கே மனத்திற் கொள்ளாதவர் இவ்வரசரை அறிந்தவராகார். பிள்ளைமாரின் படைகள் கலைந்தபின் குடிகள் ஒரே அதிகாரத்தின் கீழ் வந்தனர் என்பதும் உண்மை. அதற்கு விலை கொடுத்தோருள் ஒரு குற்றமும் அறியாத சிறுவரும் இருந்தனர் என்பதும் உண்மை.

நிற்க. உட்பகை ஒழிந்தபின் அரசர் வடக்கே நோக்கினார். கொல்லம், காயங்குளம் முதலிய சிற்றரசுகளின் வழியாகவே மிளகு கடலுக்குச் சென்றது. அம்மிளகை மலிவான விலைக்குப் பெற்று வந்த ஒல்லாந்தர், வேணாடு வளர்வதைக் கண்டு அஞ்சினர். இலங்கைக் கவர்னராயிருந்த வான் இம்ஹோப் நேரில் வந்து அரசரைக் கண்டு, வென்ற நாடுகளைத் திருப்பித் தராவிடின் போர் தொடுப்பதாக மிரட்டினான். அவ்வாறாயின் தாமும் தம் மீனவரையும் வள்ளங்களையும் கொண்டு ஐரோப்பாவின் மேற் படையெடுக்க எண்ண வேண்டியிருக்கும் என்று அரசர் நகைத்துக் கூறியதாகச் சொல்லுவர். இளையடத்துச் சொரூபத்து அரசியை ஒல்லாந்தர் கொட்டாரக்கரையில் நிலைநிறுத்த முயன்றபொழுது, அரசர் அந்நாட்டையும் கைக்கொண்டார். போர் மூண்டது.

இலங்கையினின்று வந்த ஒல்லாந்தப் படை குளச்சலில் இறங்கி, அரண் அமைத்து, இரணியல் வழியே கோட்டாறு வரையில் ஊர்களைச் சூறையாடியது. அரசரோ வடநாட்டில் இருந்தார். தலைநகராகிய கல்குளமே கைவிட்டுப் போகும் நிலை. அரசர் விரைந்து மீண்டு, தளவாய் இராமய்யனுடன் பகைவரை எதிர்த்துக் குளச்சல் அரணுக்குள்ளேயே ஒடுக்கினார். ஒல்லாந்தர்க்குத் துணைப்படை வந்திருப்பின் முடிவு வேறாயிருத்தல் கூடும். ஆனால் அவர்தம் தலைமையிடமாகிய ஜாவாத் தீவில் 1740-ல் சீனர் படுகொலையும் அதைத் தொடர்ந்த போரும் மூண்டமையின், பத்தேவியாவினின்று ஒரு கப்பலையும் அனுப்ப இயலவில்லை. முற்றுகையின்போது ஒரு குண்டு அரணுக்குள்ளிருந்த வெடிமருந்துப் பீப்பாயில் விழ, எழுந்த தீயில் அரிசியெல்லாம் கரிந்தது. 1741 ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் பணிந்தனர். படையின் எண்ணிக்கை பெரிதெனத் தோன்றுமாறு முக்குவர் தம் துடுப்புக்களைத் தோளிற் சாத்திக் கரையில் அணிவகுத்து நின்றனர் என்று கடற்கரை ஊரார் இன்றும் கூறுவர். எந்த மக்களிடம் விற்கப்படுதலைப் பிள்ளைமார் குடும்பத்தார்க்கு இழிந்த தண்டனையென அரசர் விதித்தாரோ, அம்மக்களின் கடற்கரையிலேயே அவர் அரசு பிழைத்தது என்பதைப் படிப்போர் சற்றே எண்ணுக.

ஆசியாவில் ஐரோப்பியர் தோற்ற முதற்போர் இதுவே என்று சிலர் எழுதுவது பொருந்தாது. நூறாண்டுகளுக்கு முன்னரே, 1638-ல், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் கன்னொருவையிற் போர்த்துக்கேசரை முறியடித்துள்ளான். குளச்சலின் பெருமை முதன்மையில் இல்லை. அதன் விளைவிலேயே உள்ளது. மலையாளக் கரையில் ஒல்லாந்தரின் மிளகு ஆதிக்கம் அன்று தளர்ந்தது, பின்னர் எழவேயில்லை. 1753-ல் மாவேலிக்கரை உடன்படிக்கையால் அவர்கள் உள்நாட்டு விவகாரங்களில் தலையிடுவதில்லை என ஒப்புக்கொண்டனர்.

அப்போரிற் சிறைப்பட்டவருள் ஒருவர் யூஸ்டாக்கியஸ் டி லன்னாய். அரசர் அவரைக் கொல்லவில்லை. தம் படையைப் பயிற்றும் பொறுப்பை அளித்தார். நாயர் வீரர்க்கு ஐரோப்பிய முறையில் துப்பாக்கிப் பயிற்சி தந்து, உதயகிரிக் கோட்டையைச் செப்பனிட்டு, பீரங்கி வார்க்கும் பட்டறை அமைத்தவர் அவரே. கொட்டாரத்திற்கு அணித்தாய்க் கடலோரத்தே கருங்கல்லால் எழுந்து நிற்கும் வட்டக்கோட்டையும் அவர் கைவண்ணமே. வட்டக்கோட்டையினின்று ஆரல்வாய்மொழி நோக்கிச் சென்ற மதில்வரிசை, கணவாய் வழியே பகைவர் வரும் பழைய வழக்கத்திற்குத் தடையாயிற்று.

புதிய படைக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் மார்த்தாண்ட வர்மர் முற்கூறிய ஆங்கில சாக்ஸனிய வேந்தரினின்று வேறுபடுகிறார். கொள்ளைப்பொருளை நம்பி அவர் படையை நிறுத்தவில்லை. 1739-ல் பள்ளிச்சல் மல்லன் சங்கரன் என்பாரைக் கொண்டு நிலங்களை ஆராய்ந்து வரியை ஒழுங்கு செய்வித்தார். மிளகு வாணிகத்தை அரசுக்கே உரியதாக்கினார். வரவும் செலவும் இவ்வளவென ஆண்டுதோறும் வகுத்துக் காட்டும் பதிவுக் கணக்கை ஏற்படுத்தினார். நாஞ்சில் நாட்டுக் கழனிகட்கு நீர் பாய்ச்சும் புத்தன் அணையும் அவர் காலத்ததே. தளவாய் இராமய்யன் இப்பணிகளிலெல்லாம் அவர்க்கு வலக்கை. 1737 முதல் 1756-ல் தாம் இறக்குமளவும் அப்பதவியை வகித்த இவ்வமைச்சர், திருநெல்வேலிச் சீமையிலுள்ள ஏர்வாடியிற் பிறந்த ஏழை அந்தணர்.

1746-ல் காயங்குளமும் அம்பலப்புழையும், பின்னர்த் தெக்கங்கூரும் வடக்கங்கூரும் வீழ்ந்தன. நாடு கொச்சி எல்லை வரை பரந்தது. அந்நிலையில், 1750-ஆம் ஆண்டு ஜனவரியில், கொல்லம் 925 மகர மாதம் 5-ஆம் நாள், அரசர் தம் உடைவாளைப் பத்மநாபசுவாமியின் திருமுன் வைத்து, இராஜ்யம் முழுவதையும் அப்பெருமானுக்கே அர்ப்பணம் செய்து, அவருடைய அடிமையாகத் தாம் ஆள்வதாகப் பிரதிக்ஞை செய்தார். திருப்படித்தானம் என்பது இதுவே. சாக்ஸனிய வேந்தர் தம்மை வோடன் என்னும் தெய்வத்தின் வழித்தோன்றல் எனக் கூறிக் கொண்டனர். இவரோ தெய்வத்தின் தாசன் எனக் கூறிக் கொண்டார். பக்தி உண்மையாகவே இருந்திருக்கும். ஆயினும் அரசியல் நுட்பமும் அதில் உண்டு. வாளால் வென்ற நாடுகளில் இனி எவன் கிளர்ச்சி செய்தாலும் அது தெய்வத்திற்கு எதிரான குற்றமாகுமன்றோ! ஒருகாலத்தில் எந்தக் கோயிலின் பெயரால் பிள்ளைமார் அரசரை எதிர்த்தனரோ, அக்கோயிலின் பெயரே அரசரின் கவசமாயிற்று.

அவர் ஆட்சியின் மற்றொரு பக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை என்னும் அரண்மனை அலுவலர், டி லன்னாயின் பழக்கத்தால் கிறிஸ்து மார்க்கத்தை அறிந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் பிள்ளையானார். 1749-ல் சிறைப்பட்டு, நெடுநாள் வதையுண்டு, 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையிற் சுடப்பட்டு இறந்தார். 2022-ல் ரோமாபுரியில் அவர்க்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. பகைவர் படையில் வந்த டி லன்னாயைத் தம் படைத்தலைவராக்கிய அரசரின் ஆட்சியில், தம் சொந்த அலுவலர் ஒருவர்க்கு அப்பொறுமை காட்டப்படவில்லை.

1756-ல் இராமய்யன் இறந்தது அரசர்க்குப் பேரிடியாயிற்று. அதன்பின் உடல் தளர்ந்து, 1758 ஜூலை 7-ல் அவரும் காலஞ்சென்றார். இறுதியில் மருமகனார் கார்த்திகைத் திருநாள் இராம வர்மரை அழைத்து, திருப்படித்தானத்தை மீறாதிருக்கவும், செலவு வரவை விஞ்சாதிருக்கவும், ஆங்கிலக் கம்பெனியாரின் நட்பைக் கைவிடாதிருக்கவும் அறிவுறுத்தினர் என்பது மரபு. டி லன்னாய் அம்மருமகனார்க்கும் பணிபுரிந்து 1777-ல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கல்லறையின் எழுத்துக்கள் இலத்தீனிலும் தமிழிலும் உள்ளன.

1744-ல் கல்குளத்திற்குப் பத்மநாபபுரம் என்று பெயர் சூட்டியவரும் மார்த்தாண்ட வர்மரே. 1795-ல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறிற்று. 1956 நவம்பர் முதல் நாள் இப்பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பில் உள்ளது. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் அவ்வரண்மனையில் உடைவாளைக் கைமாற்றி, பத்மநாபபுரம் சரஸ்வதியும், வேளிமலை குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் புறப்படுவர். களியக்காவிளையில் இரு மாநிலக் காவலரும் எல்லையில் நின்று எதிர்கொள்ள, விழா முடிந்தபின் அவர்கள் அவ்வழியே தத்தம் கோயில்களுக்கு மீள்வர்.