நோயாளியின் மொழியைக் கற்ற வைத்தியர்

மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்த வள்ளுவப் பெருந்தகை, மருத்துவத்தின் உறுப்புக்கள் நான்கினை எண்ணிக் காட்டுமிடத்து நோயுற்றவனையே முதற்கண் வைத்தார். தீர்க்கும் வைத்தியனும், மருந்தும், அருகிருந்து பணிபுரிவோனும் அவனுக்குப் பின்னரே எண்ணப்பெற்றனர். கற்ற வைத்தியன் கருதவேண்டியவற்றைக் கூறும்போதும் நோயாளனின் அளவை முன்னர்ச் சொல்லி, நோயின் அளவையும் காலத்தையும் அதன்பின் வைத்தார். சித்த வைத்திய நூலாரும் எண்வகைத் தேர்வினுள் நாடி, பரிசம், நா, நிறம், விழி முதலியவற்றோடு மொழியையும் ஒன்றாகக் கொண்டனர். நோயாளன் வாய் திறந்து பேசுவதும் நோயறியும் கருவிகளுள் ஒன்று என்பது நம் முன்னோர்க்குப் புதிய செய்தியன்று.

இவ்வுண்மையைக் கடல்கடந்து வந்த ஒருவர் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டார். அவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தவர் என்றும், மருத்துவ நூல்களைத் தமிழாக்கியவர் என்றும் அவர் பெயரைத் தமிழுலகம் நன்கறியும். ஆயினும் அவர் வாழ்வில் ஒரு கேள்வி ஊடுருவி நிற்பதனை நாம் போதிய அளவு சிந்தித்தோமில்லை. வைத்தியனும் நோயாளனும் எம்மொழியிற் பேசுவது? இக்கேள்வி மலையகத்தில் வாழும் நமக்கு மிக அண்மையானது.

பிறப்பும் கல்வியும்

கிறீன் 1822 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10 ஆம் நாள், அமெரிக்காவின் மசசூசெட்சு மாநிலத்து வூஸ்டர் நகரிற் பிறந்தார். அவருடைய உடன்பிறந்தாருள் ஒருவரான அன்றூ கிறீன், நியூயோர்க் மாநகரின் பெரும் பூங்காவை உருவாக்குவதிலும், பின்னர் அயலூர்களை ஒன்றுசேர்த்து அந்நகரை விரித்தமைப்பதிலும் முன்னின்று புகழ்பெற்றவர். தமையனார் ஒரு மாநகரைக் கட்டியெழுப்ப, தம்பியார் நம் நாட்டின் வடகோடியில் ஒரு சிற்றூரைத் தம் பணிக்களமாகத் தேர்ந்தார்.

நியூயோர்க்கில் மருத்துவங் கற்று 1845 இற் பட்டம் பெற்ற கிறீன், 1847 இல் அமெரிக்க மிசனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். அவருக்கு முன்னரே யோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலும், நேதன் வார்ட் வட்டுக்கோட்டையிலும் மருத்துவப் பணி புரிந்திருந்தனர். முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிய கிறீன், பின்னர் மானிப்பாயைத் தம் நிலைக்களமாக்கினார். 1848 இல் அங்கே மாணவரைச் சேர்த்து மருத்துவங் கற்பிக்கவுந் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870 இல்தான் என்பதனை நினைவிற்கொண்டால், மானிப்பாயின் பெருமை நன்கு விளங்கும்.

வலிக்கு எத்தனை பெயர்

வந்த வைத்தியருக்கு முதல் வேலை தமிழ் கற்பதாயிற்று. பிறமொழியாளர் ஒருவர் நம்மவரின் நோவுரையை விளங்கிக்கொள்வது எத்துணை அரிது என்பதனைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, எரிவு, தெறிப்பு, பொருமல், கரிப்பு என நம் மக்கள் நோவைப் பலவாறு பகுத்து வைத்திருக்கின்றனர். இவை ஒருபொருட் பன்மொழியல்ல. விலாவிலே குத்துகிறது என்பதும், எலும்பிலே குடைகிறது என்பதும், நெஞ்சிலே கரிக்கிறது என்பதும் வெவ்வேறு நோய்களுக்கு வழிகாட்டுவன. நீர்க்கடுப்பு என்று ஒருத்தி சொல்லிய அளவில், எவ்வுறுப்பு வருந்துகின்றது, எப்பொழுது வருந்துகின்றது என்னும் இரண்டும் அச்சொல்லிலேயே அடங்கிவிட்டன. இவையனைத்தையும் வலி என்னும் ஒரு சொல்லால் மொழிபெயர்த்து வைத்தியர் காதிற் போடுவோமானால், நோயாளி கொண்டுவந்த செய்தியிற் பெரும்பகுதி இடைவழியிலேயே சிந்திப்போகின்றது.

யாழ்ப்பாணத்தார் நோகிறது என்பதனை மலையகத்தார் வலிக்கிறது என்பர். இடத்துக்கிடம் வழக்கு வேறுபடும். நூலறிவு எத்துணை பெற்றிருப்பினும், இவ்வழக்கறியாத வைத்தியர் பாதி நோயையே காண்பார். மிசன் வைத்தியர் சிலர் மொழிபெயர்ப்பாளரை நம்பிக் காலங்கழித்திருத்தல் கூடும். கிறீன் அவ்வழி செல்லவில்லை. தாமே தமிழ் கற்றார். கற்றதோடு அமையாது, தமிழிலேயே சிந்தித்து நோய் தீர்க்கும் வைத்தியர் பரம்பரையொன்றைத் தோற்றுவிக்க எண்ணினார்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு

தொடக்கத்தில் அவர் கற்பித்தது ஆங்கிலத்திலேயாம். அதன் விளைவை அவர் கூர்ந்து நோக்கினார். ஆங்கிலங் கற்ற மாணவர் உத்தியோகத்தை நாடித் தூர நகரங்களுக்குச் சென்றனர். எவர் பொருட்டுப் பயிற்சி அளிக்கப்பெற்றதோ அக்கிராமத்தவர்க்கு வைத்தியர் எஞ்சவில்லை. 1823 இல் தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855 இல் மூடப்பட்டதற்கும் இத்தகைய எண்ணங்களே ஒருவாறு காரணமாயின.

1857 இல் தாய்நாடு சென்று, 1862 இல் மாகிறெற் வில்லியம்ஸ் என்பாரை மணந்து மீண்டுவந்த கிறீன், 1864 இல் தமிழிலேயே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். மாணவர் ஐரோப்பிய உடை தரியாது தமிழருடையே தரிக்கவேண்டும் என்பதும் அவர் விதித்த முறை. இதனைச் சிலர் வேடிக்கையாகக் கருதலாம். ஆழ்ந்து நோக்குவார்க்கு இதன் பொருள் புலனாகும். நோயாளி தன் உள்ளத்தைத் திறந்து பேசுதற்கு மொழி மட்டும் போதாது. எதிரே இருப்பவர் தன்னவர் என்னும் நம்பிக்கையும் வேண்டும். நாற்காலியும் காற்சட்டையும் அந்நிய மொழியும் ஒருங்கு சேர்ந்தால், ஏழை உழவன் கேட்டதற்கு விடையிறுத்து நிறுத்திக்கொள்வான். கேளாததை அவன் சொல்லான். அவன் சொல்லாது விட்டதிலே நோயின் வேர் இருப்பதும் உண்டு.

நூற்பணி

தமிழிற் கற்பிக்கத் தமிழில் நூல்கள் வேண்டும். அவை அந்நாளில் இல்லை. கிறீனும் அவர்தம் மாணவர்களும் அக்குறையை நீக்க முற்பட்டனர். இரண வைத்தியம் 1867 இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் ஆகிய இரண்டும் 1872 இலும், கெமிஸ்தம் 1875 இலும், மனுஷ சுகரணம் 1883 இலும் வெளிவந்தன. டான்வர்த், சப்மன், சுவாமிநாதர் முதலிய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் உழைத்தனர். கிறீன் ஒப்புநோக்கித் திருத்தினார். இவ்வாறு தமிழுக்குக் கிடைத்த மருத்துவப் பக்கங்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்டன. அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர்.

கலைச்சொல்லாக்கத்தில் அவர் கொண்ட முறை இன்றும் ஆராயத்தக்கது. தமிழில் வழங்கும் சொல் உளதாயின் அதனை எடுத்தார். இல்லாவிடத்து வடமொழியை நாடினார். அதுவும் உதவாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இயைய எழுதிக்கொண்டார். அங்காதிபாதம், சுகரணம் போன்ற ஆட்சிகள் இன்று நமக்குக் கடினமாகத் தோன்றலாம். அவற்றினும் எளிய தமிழ்ச் சொற்களைப் பின்வந்தோர் ஆக்கியுள்ளனர். ஆயினும் முதலிற் பாதை வெட்டியவனிடம் அது செப்பமாக இல்லையே என்று குறைகூறுதல் நன்றியாகாது.

நடுநிலை பிறழாது அவரை மதிப்பிடவேண்டுவதும் நம் கடன். கிறீன் சமயம் பரப்பும் நோக்கோடு வந்தவர். அதனை அவர் மறைத்ததுமில்லை. அவர் பிறந்த அதே 1822 ஆம் ஆண்டிலேயே நல்லூரிற் பிறந்தவர் ஆறுமுக நாவலர் அவர்கள். சமயத்தில் இருவரும் எதிரெதிர் நின்றனர். எனினும் பொதுமக்களை அடையும் வழி தமிழ் உரைநடையே என்பதனை ஒருவர் சைவப் பள்ளிக்கூடத்திலும் மற்றவர் வைத்தியசாலையிலும் நின்று உணர்ந்தனர். ஒரே காலத்து மண் இருவரிடத்தும் ஒரே பாடத்தை விளைவித்தது.

அதே ஆண்டில் மலைநாட்டில்

கிறீனின் பணிக்களம் யாழ்ப்பாணம், மலைநாடன்று. ஆயின் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் வெளிவந்த அதே 1872 இலேதான், மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி செய்தற்கான கட்டளைச் சட்டம் பிறந்தது. அப்போது மலைகளிற் கோப்பிப் பயிரே ஓங்கியிருந்தது. தமிழகத்திலிருந்து கடல்கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்தோருள் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர். அவர்தம் நிலை கண்டே அச்சட்டம் எழுந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை தோன்றும். வடக்கே தமிழ் பேசும் நோயாளிக்குத் தமிழிற் கற்ற வைத்தியர் உருவாகிக்கொண்டிருந்தனர். மலையிலே தமிழன்றி வேறறியாத நோயாளிக்கு ஆங்கிலங் கற்ற வைத்தியர் நியமனம் பெற்றனர். இருவருக்கும் இடையிலே கங்காணியோ கணக்கப்பிள்ளையோ நின்று பேச்சை மாற்றிச் சொல்லவேண்டியதாயிற்று. தனக்குக் கடன் கொடுத்தவனும் தன் பெயரைப் பேரேட்டிற் பதிபவனுமாகிய ஒருவன் முன்னிலையில் ஒரு தொழிலாளி எதனைத்தான் மனந்திறந்து சொல்வான்? ஒரு பெண் தன் உடல்நோயை எவ்வாறு கூறுவாள்?

கொக்கிப்புழு நோயை எடுத்துக்கொள்வோம். வெறுங்காலின் தோலைத் துளைத்துட்புகும் அப்புழு, குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சும். நோயாளிக்கு மேடேறினால் மூச்சு வாங்கும், கைகால் சோரும், முகம் வெளுக்கும். மலையேறிக் கொழுந்து பறிப்பவள் இதனைக் களைப்பு என்னும் ஒரு சொல்லால் உணர்த்துவாள். பொறுமையாகக் கேட்பவருக்கு அச்சொல் நோயின் வாயில்; கேளாதவருக்கு அது சோம்பலுக்குச் சாட்டு. 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் இந்நாட்டில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்குமுன்னர், சோம்பேறி என்னும் பட்டத்தோடு மாண்டோர் எத்தனை பேரோ!

இன்றைய படிப்பினை

கிறீன் உடல்நலங் குன்றி 1873 இல் யாழ்ப்பாணத்தை நீங்கினார். தாயகம் சேர்ந்த பின்னரும் தமிழ் நூல்களைத் திருத்தும் பணியை விட்டாரில்லை. 1884 மே 28 ஆம் நாள் பிறந்த ஊரிலேயே மறைந்தார். தமிழர்க்கு மருத்துவப் பணி புரிந்த நற்செய்தியாளர் என்னும் கருத்தமைந்த தொடரையே தம் கல்லறைக்கு அவர் விரும்பினார். அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை, ஆங்கிலமே வென்றது. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலையும் அவர் நூல்களும் நினைவாக எஞ்சின.

அவர் மறைந்து சரியாக நூறாண்டு கழிந்து, 1984 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். வைத்தியரும் நோயாளரும் உரையாடிய 74 சந்திப்புக்களை அவர்கள் பதிவுசெய்து நோக்கினர். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரி 18 வினாடிகளிலேயே வைத்தியர் குறுக்கிட்டனர். முதற்பேச்சை முழுதும் சொல்லி முடித்தோர் நூற்றுக்கு 23 பேரே. ஒரே மொழி பேசுவோரிடையே இந்நிலை எனின், இடையிலே மொழிபெயர்ப்பாளர் நிற்கும் இடத்தைப்பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. இன்று உலகெங்கும் முதனிலை வைத்தியருக்கு, நோயாளியைப் பேசவிடுக, அவர் சொல்லாலேயே வினவுக, விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க என்று தனிப் பாடமாகவே கற்பிக்கின்றனர். இவற்றுக்கெல்லாம் அடிப்படை நோயாளியின் மொழி என்பதனைக் கிறீனின் வாழ்வு முன்னரே காட்டிற்று.

நம் நாட்டில் 1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. சட்டத்தில் ஏறிய அம்மொழி, நுவரெலியாவிலும் அட்டனிலும் மஸ்கெலியாவிலும் நோயாளி அமரும் வாங்குவரை வந்துசேர்தல் வேண்டும். தாயின் நோயை வைத்தியருக்கு எடுத்துச்சொல்லப் பள்ளிச் சிறுவன் பாடத்தை விட்டு உடன்செல்வதனை ஆசிரியர் யாவரும் அறிவர். மகனிடத்துச் சொல்லக் கூசியதனைத் தாய் விழுங்கிக்கொள்வாள். விழுங்கியது நோயாகவே வளரும். வரவில்லை என்று நாம் இடாப்பிற் குறிக்கும் அக்கோட்டுக்குப் பின்னால் இத்துணைத் துயரம் இருக்கின்றது.

ஆதலின் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு பணி காத்திருக்கின்றது. கிறீனும் அவர்தம் மாணவரும் கலைச்சொற்களைத் தொகுத்தனர். நம் லயங்களில் வாழும் முதியோர் நோவைக் குறிக்க வழங்கும் சொற்களை நாம் தொகுத்தல் வேண்டும். அவற்றைப் பொருள் விளக்கத்தோடு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தியர் கையிற் கொடுத்தல் வேண்டும். தமிழ் கற்க விழையும் வைத்தியருக்கு அது முதல் நூலாகும். நம்மிடையிலிருந்து வைத்தியத் துறைக்குச் செல்லும் பிள்ளைகளும், பாட்டிமார் பேச்சைப் பல்கலைக்கழக வாயிலிலே இறக்கிவைத்துவிட்டு உட்செல்லாதிருப்பாராக. அயல்நாட்டிலிருந்து வந்து அப்பேச்சைக் கற்றவர் ஒருவர் இருந்தார் என்பதனை அவர்கள் அறிதல் நன்று.