மருதநாயகம் என்ற கான்சாகிபு

பாளையங்கோட்டையில் பழைய கோட்டையின் வாசல்கள் இன்றும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 250 ஆண்டுகளுக்கு முன் இந்தத் தாமிரபரணிச் சீமை முழுவதும் ஒரு தளபதியின் பெயரைக் கேட்டாலே நடுங்கியது. அவர்தான் மருதநாயகம்.

இவர் 1725-ஆம் ஆண்டு வாக்கில் இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில் பிறந்தார் என்பர். பின்னர் இஸ்லாம் மதத்தைத் தழுவி, முகமது யூசுப்கான் ஆனார். மக்கள் அவரைக் கான்சாகிபு என்றே அழைத்தனர்.

அப்போது டில்லியில் மொகலாயப் பேரரசு தளர்ந்து போயிருந்தது. ஆற்காட்டு நவாப் பதவிக்கு இருவர் போட்டியிட்டனர். சந்தா சாகிபுவுக்குப் பிரெஞ்சுக்காரர்களும், முகமது அலிக்கு ஆங்கிலேயர்களும் துணை நின்றனர். யூசுப்கான் ஆங்கிலேயரின் சிப்பாய்ப் படையில் சேர்ந்தார். திருச்சி முற்றுகையின்போது, எதிரிகளின் கண்ணில் மண்ணைத் தூவி உணவுப் பொருள்களைக் கோட்டைக்குக் கொண்டு வந்து சேர்த்தார். சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியானார். கம்பெனி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்துப் பாராட்டியது.

1758-ஆம் ஆண்டு இறுதியில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டது. யூசுப்கான் வெளியிலிருந்து அவர்களை ஓயாமல் தாக்கினார். 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது.

இதற்குப் பரிசாக மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சிப் பொறுப்பு கிடைத்தது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. வரி கொடுக்க மறுத்த பாளையக்காரர்களை அவர் அடக்கினார். நெற்கட்டும்செவல் பூலித்தேவர் பல ஆண்டுகள் வீரத்துடன் எதிர்த்து நின்றார். 1761-இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகள் யூசுப்கானிடம் வீழ்ந்தன. அந்தப் பனையூர் வேறு, அவர் பிறந்த பனையூர் வேறு.

போர்க்களத்தில் கடுமையானவர், ஆட்சியில் அக்கறை உள்ளவராக இருந்தார். குளங்களைச் செப்பனிட்டார். கள்வர் பயத்தை ஒழித்தார். மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்கு உரிய நிலங்களைத் திரும்பக் கிடைக்கச் செய்தார்.

அவரது புகழ் வளர வளர, நவாபின் பொறாமையும் வளர்ந்தது. வரிப் பணத்தை இனி நவாபிடமே கட்ட வேண்டும் என்று கம்பெனி சொன்னது. கம்பெனிக்காக உயிரைப் பணயம் வைத்தவர், நவாபுக்குக் கைகட்டி நிற்க மறுத்தார். சென்னைக்கு வரச் சொல்லி அழைத்தும் போகவில்லை. 1763-இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். ஆனால் அதே ஆண்டில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்துகொண்டன. எனவே பிரான்சு உதவிக்கு வரவில்லை!

ஆங்கிலேயரும் நவாபும் மதுரையை முற்றுகையிட்டனர். மழைக்காலம் வந்ததும் பின்வாங்கினர். 1764-இல் மீண்டும் வந்தனர். ஜூன் மாதம் நடந்த பெருந்தாக்குதலையும் யூசுப்கான் முறியடித்தார். பீரங்கியால் முடியாததைப் பசியால் சாதிக்க எண்ணிய எதிரிகள், கோட்டைக்குள் உணவு போகும் வழிகளை எல்லாம் அடைத்தனர். உள்ளே பட்டினி தலைவிரித்தாடியது.

முடிவில், திவான் சீனிவாசராவும் மார்ச்சந்த் என்ற பிரெஞ்சு அதிகாரியும் சேர்ந்து சதி செய்தனர். அவரைப் பிடித்துக் கட்டி எதிரிகளிடம் ஒப்படைத்தனர். 1764 அக்டோபர் 15 அன்று மதுரை அருகே தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவரது அடக்கத்தலம் இருக்கிறது.

யாருக்காகப் பூலித்தேவரை வென்றாரோ, அவர்களாலேயே அவர் அழிந்தார். தனித்தனியே மோதி நின்ற அந்த இரு வீரர்களும் கைகோர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிந்தித்துப் பாருங்கள். பின்னாளில் நாட்டுப்புறக் கலைஞர்கள் கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடலைப் பாடி, அவரை மறவாமல் காத்தனர்.