மேரி கிளப்வாலா அம்மையார்

பாரசீகம் என்று நம் முன்னோர் வழங்கிய நாடு இன்று ஈரான் எனப்படுகிறது. கிறித்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அந்நாட்டு மரபில் சரதுஷ்டிரர் என்னும் அறிஞர் தோன்றி, அகுரமஸ்தா எனப்படும் ஒரே இறைவனை வழிபடுமாறு மக்களுக்கு அறிவுறுத்தினார். நல்லெண்ணம், நற்சொல், நற்செயல் ஆகிய மூன்றும் அவருடைய சமயத்தின் தூண்கள். கி.பி. 651-இல் பாரசீகப் பேரரசு அரேபியரின் படையெடுப்பால் அடியோடு வீழ்ந்தது. அதன் பின்னர்த் தம் சமயத்தைக் கைவிட மனமில்லாத கூட்டத்தார் சிலர் மரக்கலமேறிக் குஜராத்துக் கடற்கரையிலுள்ள சஞ்சான் என்னும் ஊரை அடைந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களே பார்சியர்.

அவர்கள் கரையேறிய காலத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அப்பகுதியை ஆண்ட மன்னன், தன் நாட்டில் புதியவர்க்கு இடமில்லை என்பதைக் குறிப்பால் உணர்த்த, விளிம்பளவும் பால் நிறைந்த கிண்ணம் ஒன்றை அவர்களுக்கு அனுப்பினானாம். பார்சியரின் குரு அப்பாலிற் சிறிது சர்க்கரையை இட்டு, ஒரு துளியும் சிந்தாமல் திருப்பி அனுப்பினாராம். இக்கதை நிகழ்ந்ததோ, புனைந்ததோ, பார்சிக் குடும்பங்களில் இதனைக் கேளாமல் வளர்ந்த குழந்தை இல்லை எனலாம். கதையினும் கருதத் தக்கவை, அம்மன்னன் விதித்தனவாக அவர்களுடைய பழைய நூல் கூறும் கட்டளைகள். வந்தவர்கள் அந்நாட்டு மொழியையே பேசவேண்டும்; அவர்தம் மகளிர் அந்நாட்டு உடையையே உடுக்கவேண்டும்; கொண்டுவந்த படைக்கலங்களைத் துறக்கவேண்டும். இவற்றிற்கெல்லாம் இசைந்தே அவர்கள் குடிபுகுந்தனர். மொழியும் உடையும் மாறின. வழிபாடு மட்டும் மாறவில்லை.

குஜராத்திலும் பின்னர்ப் பம்பாயிலும் பெருகிய பார்சியர், வாணிகத்தின் பொருட்டுப் பல ஊர்களுக்கும் சென்றனர். சென்னைக்கு அவர்கள் முதன்முதலாக வந்தது 1795-ஆம் ஆண்டில் என்பர். ஹீர்ஜிபாய் மானெக்ஜி காராஸ் என்பவரும் அவரைச் சேர்ந்தார் சிலரும் வந்து, இராயபுரத்தில் நிலம் வாங்கிக் குடியேறினர். தாய்நாட்டை விட்டுக் குஜராத்துக்கும், குஜராத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்கும் வந்த அவர்கட்கு இஃது இரண்டாம் புலம்பெயர்வு. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சென்னையில் அவர்களுக்குத் தீக்கோயில் இல்லை. மயிலாப்பூரிலும் கோபாலபுரத்திலும் வாழ்வோர் தெருவுக்கொரு கோயிலைக் கண்டு பழகியவர். வழிபடுதற்கு இடமின்றி மூன்று தலைமுறை வாழ்வது எத்தகைய குறை என்பதை அவர் எளிதில் உணரார். பிரோஜ் கிளப்வாலா என்னும் செல்வரின் மகன் ஜால் இளமையிலேயே இறந்தான். இறுதிச் சடங்குகளை உரிய காலத்தில் முறைப்படி செய்தற்குக் குருமார் கிட்டவில்லை. அத்துயரம் இனி எவர்க்கும் நேரலாகாது என்று கருதிய தந்தை, மகன் பெயரால் இராயபுரத்தில் ஒரு தீக்கோயிலை எழுப்பினார். 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அங்கே ஏற்றப்பட்ட தீ இன்றும் அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. நாளை ஐந்து பொழுதாகப் பகுத்து, ஒவ்வொரு பொழுதிலும் குருவானவர் விறகும் சந்தனக் கட்டையும் இட்டு ஓதுவார். தமிழ்நாட்டில் உள்ள தீக்கோயில் இஃது ஒன்றே.

அக்கோயில் எழுவதற்கு ஓராண்டு முன்னர், 1909-இல், உதகமண்டலத்தில் ருஸ்தம் பட்டேல், அல்லாமாய் என்னும் பார்சிப் பெற்றோருக்கு ஒரு பெண் மகவு பிறந்தது. அம்மகவே பிற்காலத்தில் நாடு போற்றிய மேரி கிளப்வாலா அம்மையார். மேரி என்னும் பெயரைக் கொண்டு அவரைக் கிறித்தவர் என எண்ணுவாரும் உளர், அவர் பார்சியரே. அவர் பிறந்த அதே 1909-இல்தான், ஜாம்ஷெட்ஜி டாட்டா என்னும் பார்சிப் பெருவணிகர் தம் வாழ்நாளில் திட்டமிட்ட இந்திய அறிவியற் கழகம் பெங்களூரில் தொடங்கப்பெற்றது. ஈட்டிய பொருளிற் பெரும்பகுதியைப் பொதுநலத்துக்கு ஈதல் அக்காலப் பார்சியரிடையே குடும்ப வழக்கமாகவே இருந்தது. அவ்வழக்கத்தின் நடுவே வளர்ந்தவர் மேரி.

சென்னையிற் பள்ளிக்கல்வி பெற்ற அவர், பதினெட்டாம் வயதில் நோகி கிளப்வாலா என்பவரை மணந்தார். 1930-இல் குஸ்ரோ என்னும் ஆண் குழந்தை பிறந்தது. வறுமை எட்டிப்பாராத இல்லம், அன்புடைய கணவர், மடியில் மகவு. இந்நிலை நீடித்திருந்தால் அவர் பெயரை நாம் அறிந்திருக்கமாட்டோம். 1935-இல் நோகி நோய்வாய்ப்பட்டு இறந்தார். அப்பொழுது மேரிக்கு வயது இருபத்தாறு, மகனுக்கு ஐந்து.

அக்காலத்தில் இருபத்தாறு வயதுக் கைம்பெண்ணின் வாழ்வு எத்தகையது என்பதைப் பழைய தலைமுறையினர் நன்கு அறிவர். பார்சியரிடையே கைம்பெண் மறுமணம் விலக்கப்பட்டதன்று. நம் நாட்டில் வேறு பல குலத்துப் பெண்கள் பட்ட கொடுமைகள் அவருக்கு இல்லை. ஆயினும் துயரத்துக்குக் குலவேறுபாடு ஏது? செல்வர் வீட்டுக் கதவு துயரத்தை மறைக்க மட்டுமே உதவும். அக்கதவை அடைத்துக்கொண்டு மகனை வளர்த்து நாளைக் கழிப்பது மேரிக்கு எளிதாக இருந்திருக்கும். சென்னைப் பார்சியரோ சில நூற்றுவரே. அச்சிறு வட்டத்துக்குள்ளேயே தொண்டு செய்து நல்ல பெயர் பெறுவதும் கூடும். அவர் இவ்விரண்டையும் கொள்ளவில்லை. வட்டத்துக்கு வெளியே வந்து, சென்னை முழுவதையும் தம் வீடாகக் கொண்டார்.

தொண்டர் சங்கம் எனத் தமிழிற் கூறத்தக்க கில்டு ஆஃப் சர்வீஸ் என்னும் அமைப்பு சென்னையில் அப்பொழுது நடைபெற்று வந்தது. 1923-இல் அக்காலச் சென்னைப் பேராயரின் துணைவியார் தொடங்கியது அது. மேரி அதிற் சேர்ந்து உழைக்கலானார். ஆதரவற்ற குழந்தைகள், நோயாளிகள், எழுத்தறியாப் பெண்கள் ஆகியோரை நாள்தோறும் நேரிற் காணும் வாய்ப்பு அவருக்கு அங்கே கிட்டியது. இரங்குதல் பலர்க்கும் இயல்வதே. இரக்கத்தைக் கணக்கும் ஒழுங்கும் உடைய வேலையாக மாற்றுவது சிலர்க்கே இயலும். அவ்வாற்றல் தமக்கு உண்டு என்பதை அவர் அங்கேதான் கண்டறிந்தார் போலும். ஆயினும் அவ்வாற்றல் முழுதும் வெளிப்படுதற்குப் போர் ஒன்று வரவேண்டியிருந்தது.

1942-ஆம் ஆண்டு சென்னைக்கு அச்சம் மிக்க ஆண்டு. சிங்கப்பூர் பிப்ரவரியில் ஜப்பானியர் கைப்பட்டது. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5-ஆம் நாள் கொழும்பின்மீது குண்டுகள் பொழிந்தன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் வீழ்ந்தன. அடுத்தது சென்னையே என்ற பேச்சு எங்கும் பரவியது. அரசாங்க அலுவலகங்கள் பல வெளியூர்களுக்கு மாற்றப்பட்டன. உயிர்க்காட்சிசாலையிலிருந்த கொடிய விலங்குகள், குண்டு வீச்சில் கூடு உடைந்து வெளியேறிவிடும் என்று அஞ்சிச் சுட்டுக் கொல்லப்பட்டன. மூட்டை முடிச்சுகளுடன் இலட்சக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர். செல்வர்கள் முந்திச் சென்றார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மக்கள் வெளியேற, படைவீரர் வந்து குவிந்தனர். பஞ்சாபியர், மராட்டியர், கூர்க்கர், தென்னாட்டவர் எனப் பல மொழி பேசும் இந்திய வீரர் சென்னையைச் சூழ்ந்த பாசறைகளில் தங்கினர். ஆங்கிலேய வீரர்க்கு ஓய்வுநேரத்தைக் கழிக்க ஒருவாறு வசதிகள் இருந்தன. இந்திய வீரர்க்கோ அத்தகையன மிகக் குறைவு. உள்ளூர் மொழி தெரியாது, உறவினர் இல்லை, நாளை எந்தப் போர்முனைக்குச் செல்லவேண்டும் என்பதும் தெரியாது. சொந்த நாட்டிலேயே அவர்கள் அயலவராய் நின்றனர். இக்குறை பலர் கண்ணிலும் பட்டிருக்கும். மேரியின் கண்ணிற் பட்டபோது அது வேலையாக மாறியது. அவ்வாண்டிலேயே அவர் இந்திய விருந்தோம்பற் குழு என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த மண்ணில், வழிவந்த வீரனுக்கு விருந்து செய்ய ஒரு பார்சிப் பெண்மணி முன்வந்தது பொருத்தமே.

குழு தொடங்குதல் எளிது. ஆள் சேர்த்தலே அரிது. நகரமே அஞ்சி ஓடும் வேளையில், வீட்டு மகளிரை வெளியே அழைத்துப் பாசறைக்கும் மருத்துவமனைக்கும் கூட்டிச் செல்லவேண்டும். முன்பின் அறியாத படைவீரர்க்கு மகளிர் உணவு பரிமாறுவதைக் குறைகூறுவாரும் இருந்திருப்பர். மேரியோ வீடு வீடாகப் பெண்களை ஊக்கித் திரட்டினார். இந்துக்கள், முகம்மதியர், கிறித்தவர், பார்சியர் என்ற வேறுபாடின்றி மகளிர் பலர் ஒன்றுகூடினர். வண்டிகளில் அமைந்த நடமாடும் சிற்றுண்டிச் சாலைகள் பாசறைகளைச் சுற்றிவந்தன. புண்பட்டு மருத்துவமனையிற் கிடந்தோரைக் காண மகளிர் முறைவைத்துச் சென்றனர். படுக்கையிற் கிடப்பவனுக்கு மருந்தினும் கொடியது வெறும்பொழுது. ஆதலின், கைவேலைகளைக் கற்பித்து அவன் மனத்தைத் தேற்றும் முறையையும் அவர்கள் கையாண்டனர். இவற்றிற்கெல்லாம் வேண்டும் பொருளைக் கலை நிகழ்ச்சிகள் முதலியவற்றால் திரட்டினர். 1943 அக்டோபரில் ஜப்பானிய வானூர்தி ஒன்று சென்னையின்மீது குண்டுகளை வீசிச் சென்றது. அப்பொழுதும் பணி நிற்கவில்லை.

பர்மா போர்முனையில் நின்ற பதினான்காம் படையில் இந்திய வீரரே மிகுதி. தொலைக்காட்டில் போரிட்டமையால் அதனை மறக்கப்பட்ட படை என்றே உலகம் அழைத்தது. அப்படை 1944-இல் இம்பாலிலும் கொகிமாவிலும் பகைவரைத் தடுத்து, 1945 மே மாதத்தில் இரங்கூனை மீட்டது. வெற்றி பெற்ற அவ்வீரர்கள், தங்களை மறவாத அம்மையாரை நினைவிற்கொண்டு, ஜப்பானியரிடமிருந்து கைப்பற்றிய வாள் ஒன்றை அவருக்குப் பரிசளித்தனர். படைக்கலம் துறந்து குடிபுகுந்த மரபில் வந்த பெண்ணொருத்தியின் கைக்கு, ஒரு வாளும் தொடாமல், இங்ஙனம் ஒரு வாள் வந்து சேர்ந்தது. பின்னாளில் இந்தியப் படையின் தலைமைத் தளபதியான கரியப்பா, படையினர் அனைவரின் அன்புக்கும் உரியவர் எனப் பொருள்படும் பட்டம் ஒன்றை அவருக்குச் சூட்டினார்.

போர் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு வீடு திரும்பும் இயல்பு அவருக்கு இல்லை. வீரர்கள் ஊர் திரும்பினர், பலர் திரும்பவில்லை. திரும்பியவருக்குப் பிழைப்பு வேண்டும். திரும்பாதவரின் மனைவி மக்களுக்கு ஆதரவு வேண்டும். இத்துறையிலும் குழுவினர் நெடுநாள் பணி செய்தனர். கணவனை இழந்த பெண்ணின் தேவைகளை அம்மையாருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. படை அலுவலரும் பொதுத்தொண்டில் நாட்டமுடையவருமான மேஜர் சந்திரகாந்த் ஜாதவ் என்பவரை அவர் பின்னர் மணந்து, மேரி கிளப்வாலா ஜாதவ் என இரு குடும்பப் பெயரையும் தாங்கினார்.

கில்டு ஆஃப் சர்வீஸ் அவர் தலைமையில் கிளைத்துப் படர்ந்தது. பெற்றோரை இழந்த சிறுவர் சிறுமியர்க்கு இல்லங்கள், மகளிர்க்கு எழுத்தறிவு, உடற்குறை உடையோர்க்குப் பயிற்சி எனப் பல பிரிவுகள் தோன்றின. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான பால விகார் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. அத்தகைய குழந்தைகளைப் பெற்றோரே வெளியே காட்ட நாணி மறைத்த காலம் அது.

பணி பெருகப் பெருக ஓர் உண்மை அவருக்குப் புலனாயிற்று. ஆர்வமுடையோர் தொண்டுக்கு வருகின்றனர். ஆனால் செய்வது அறியாமல் திகைக்கின்றனர். தெருவில் நிற்கும் சிறுவனுக்குச் சோறிடுதல் ஒருநாட் பணி. அவன் ஏன் தெருவுக்கு வந்தான், அவன் குடும்பம் எங்கே, சட்டம் அவனுக்கு என்ன காவல் தருகிறது, அவனை எத்தொழிலுக்குப் பழக்கலாம் என ஆராய்தல் கற்றுத் தேறவேண்டிய கலை. பம்பாயில் 1936-இலேயே டாட்டா அறநிலையத்தார் சமூகப்பணிக்கென ஒரு கல்விநிலையம் நிறுவியிருந்தனர். தென்னாட்டில் அத்தகையது இல்லை. மருத்துவம் பயிலாதவரிடம் நோயாளியை ஒப்படையாத நாம், துன்புற்ற மக்களை மட்டும் பயிற்சியில்லாதவரிடம் ஒப்படைப்பது ஏன் என்ற கேள்வி நியாயமானதே. 1952-இல் அம்மையார் சென்னைச் சமூகப்பணிக் கல்விநிலையத்தைத் தோற்றுவித்தார். தென்னிந்தியாவில் இத்துறைக்கு அதுவே முதற் கல்விநிலையம்.

1956-இல் அவர் சென்னையின் ஷெரீப் பதவியில் அமர்ந்தார். ஆங்கிலேயர் காலத்திலிருந்து வந்த மதிப்புப் பதவி அது, ஊதியமும் அதிகாரமும் இல்லாதது, பின்னாளில் நீக்கப்பட்டது. இந்திய அரசாங்கம் 1955-இல் பத்மஸ்ரீ, 1968-இல் பத்மபூஷண் ஆகிய விருதுகளை அவருக்கு அளித்தது. அவற்றினும் உயர்ந்த பத்மவிபூஷண் 1975-இல் அளிக்கப்பெற்றது. அவ்வாண்டே அவர் மறைந்தார்.

பார்சியர் தொகை 1941-இல் இந்தியாவில் ஓர் இலட்சத்துக்கு மேல் இருந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 57,264 ஆகக் குறைந்துவிட்டது. சென்னையிலும் அவர்கள் முன்போலவே மிகச் சிலர். புத்தாண்டு நாளில் அவர்கள் இராயபுரத்துத் தீக்கோயிலில் கூடுகின்றனர். அம்மையார் நிறுவிய கல்விநிலையம் எழும்பூரில் நடைபெற்று வருகிறது. அங்கே பயில்வோர் எல்லாச் சமயத்தாரும், எல்லா ஊராரும் ஆவர். அவர்கள் வகுப்பறையிற் படிப்பதோடு, குறித்த நாட்களில் மருத்துவமனைகளுக்கும் குடிசைப் பகுதிகளுக்கும் சென்று பணி பழகுகின்றனர்.