தோலுக்குள் ஒரு மூன்று புரிக் கயிறு

ஒடுகத்தூர் ஆட்டுச்சந்தையில் நிற்கும் ஆட்டைக் கசாப்புக்காரர் கறிக்காகப் பார்ப்பார். ஆம்பூர் வியாபாரி தோலுக்காகப் பார்ப்பார். அந்தத் தோலுக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் விஞ்ஞானி ஜி. என். ராமச்சந்திரன்.

1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தார். மின்சாரப் பொறியியல் கற்கப் பெங்களூர் போனவரை, சர் சி. வி. ராமன் பௌதிகத்துக்கு இழுத்துக்கொண்டார். 1952-ல் சென்னை சர்வகலாசாலையில் பேராசிரியர் ஆனார். அப்போது வயது சுமார் முப்பதுதான்!

அந்தச் சமயம் சென்னை வந்த விஞ்ஞானி பெர்னால், கொலாஜன் என்ற பொருளின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்றார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கொலாஜன் ஒரு புரதம். பச்சைத் தோலைப் பதனிடும்போது மயிர் போகும், கொழுப்பு போகும். மிஞ்சிச் செருப்பாவது பெரும்பாலும் கொலாஜன்தான். உயிருள்ள உடம்பில் அதற்கு வேறு வேலையும் உண்டு. பந்தலைக் கொடி பற்றுவதுபோல, உயிரணுக்கள் பல அதைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன.

கங்காரு வாலின் தசைநாரில் எக்ஸ்ரே செலுத்திப் படம் எடுத்தார்கள். விழுந்தவை வெறும் புள்ளிகளும் கறைகளும்! அவற்றை வைத்துக் கணக்குப் போட்டார் ராமச்சந்திரன். துணைக்கு கோபிநாத் கர்த்தா. 1954-ல் விடை கிடைத்தது. மூன்று இழைகள், கயிறுபோல! மறு ஆண்டு, அந்த முறுக்கையும் திருத்தினார்கள்.

இங்கிலாந்திலிருந்து கிரிக்கும் ரிச்சும் குறை சொன்னார்கள். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றனவாம். மூன்று புரி என்பதை மட்டும் அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ராமச்சந்திரனுக்கு இது உறுத்தியது. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடனும் அதையே ஆராய்ந்தார். 1963-ல் ஒரு படம் வெளியிட்டார்கள். புரத இழை எப்படியெல்லாம் வளையலாம், எப்படி வளைய முடியாது என்று காட்டும் படம். கிரிக்குக்கு நோபல் பரிசு வந்தது. அது வேறு கண்டுபிடிப்புக்கு. ராமச்சந்திரனுக்கு வரவே இல்லை. ஆனால் உலகெங்கும் புரத ஆராய்ச்சியாளர்கள் இன்றும் புரட்டுவது ராமச்சந்திரன் படத்தைத்தான்.

2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார்.

இன்று தாடையில் பதிக்கும் செயற்கைப் பல்லின் டைட்டானியம் திருகுகள் சிலவற்றில், லேசர் ஒளியால் தலைமயிரைவிடச் சன்னமான வரிகள் கீறுகிறார்கள். வரி இருந்தால், உயிரணு அதன் வழியே நீண்டு படுத்துப் பற்றிக்கொள்கிறது. பற்றிய பிறகு தன்னைச் சுற்றிக் கொலாஜனைச் சுரக்கிறது. அதே மூன்று புரிக் கயிறு!